பெரிய துரைக்கு ஒரு பிரிவுபசாரப் பத்திரம்

1

போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து கோழி கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். இருவரும் என் கணவர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள். அவர்களுடைய தலைமையாசிரியர் ஓய்வு பெறுகிறாராம். அவருக்கு இங்கிலீஷில் ஒரு பிரிவுபசாரப் பத்திரம் எழுதிக் கண்ணாடி போட்டுக் கொடுக்க வேண்டுமாம். "உங்கள விட்டா ஈப்போவுல வேற யாருலா இருக்கா சார்?" என்று என் கணவரை உச்சி குளிர வைக்கப் பார்த்தார்கள்.

"நான் அதெல்லாம் எழுதுறதில்ல. மலாய்ல எழுதச் சொல்லுங்க. புரியவாவது செய்யும்" என்று சொல்லிவிட்டு இவர் பின்பக்கம் போய் மோட்டார் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். வந்தவர்களுக்கு முகம் விழுந்துவிட்டது. கோழிக் கையைக் கழுவிக்கொண்டு வந்து கோப்பி கலக்கிக் கொடுத்து, பிஸ்கட் டின்னையும் திறந்து வைத்து அவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்த மனிதரைக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து ஈப்போவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இவருக்காக நான் கலக்கிய சமாதானக் கோப்பியை எல்லாம் ஊற்றினால் இங்கே ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டைகளில் ஒன்று நிரம்பும்.

அவர் ஏன் எழுத மாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஊரில் இருக்கும் உங்களுக்கும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. 'வெளிநாட்டில் என்ன குறை' என்று நீங்கள் கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறீர்கள். இது குறையா என்று எனக்கே தெரியவில்லை. சோர்வு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

2

நம் பக்கத்துக் கல்யாணங்களில் வாழ்த்துப்பா வாசித்தளிப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? மணமகனை இந்திரன் என்றும் சந்திரன் என்றும் எழுதி, ரோஜாப்பூப் படம் போட்ட தாளில் அச்சடித்துக் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்திருப்பார்கள். பந்தியில் இலை போட்டாயிற்றா என்று எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் எழுந்து நின்று தொண்டையைச் செருமுவார். ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் அது இல்லாமல் கல்யாணம் நடந்தால் பெண் வீட்டாருக்கு மரியாதைக் குறைவு. என் அக்கா வீட்டு முன்னறையில் அப்படி ஆறேழு தொங்குகின்றன. அத்தான் சந்திரன் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

இங்கே ரப்பர்த் தோட்டங்களில் அந்த மரியாதை வெள்ளைக்காரத் துரைகளுக்குப் போயிருந்தது. ஒரு துரை தோட்டத்தை விட்டுக் கப்பலேறும்போது தொழிலாளர்கள் எல்லோரும் சேர்ந்து மாலை போட்டு, இங்கிலீஷில் எழுதிய பத்திரம் ஒன்றை வாசித்துக் கொடுப்பார்கள். எழுதுவது தோட்டத்து ஆபீஸில் உள்ள கிராணி. நம் ஊர்ப் பேச்சில் குமாஸ்தா. அந்தக் கிராணிமார் எங்கே படித்தார்களோ, அவர்கள் எழுதிய இங்கிலீஷில் கடல் பொங்கும், நட்சத்திரம் கண்ணீர் விடும், துரையின் நாமம் தலைமுறைகளின் நெஞ்சில் பொன்னெழுத்தாகப் பொறிக்கப்படும். போன வாரம் வரை அரைநாள் பேருக்காக, அதாவது அரைநாள் கூலிக்காக, அதே துரையோடு மல்லுக்கு நின்றவர்கள்தான் கை தட்டுவார்கள்.

என் கணவர் அப்படிப்பட்ட ஒரு தோட்டத்தில், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் மகனாகப் பிறந்தவர். கம்பிப்பாலத் தோட்டம் என்று தமிழர்கள் சொல்வார்கள். ஈப்போவிலிருந்து பஸ் பிடித்து, இறங்கி நடந்து, ஆற்றின் மேல் ஒரு கம்பிப் பாலத்தைக் கடந்தால் வரும். முதன்முதலாக என்னை அங்கே அழைத்துப் போனபோது பாலம் ஆடிய ஆட்டத்தில் நான் அந்தோணியாரை அழைத்தது இன்னும் அங்கே பேச்சு. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பின்னால், பால்மரங்கள் முடிகிற இடத்தில் ஓர் ஏக்கர் அளவுக்கு இடுகாடு. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் சிலுவைகள், அந்தப் பக்கம் வேல் நட்ட சமாதிகள். இவருடைய அப்பாவும் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்கள். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி கொண்டு போனால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக்காரர்களும் வந்து ஆளுக்கு ஒன்று வாங்கித் தங்களவர்களுக்கு ஏற்றுவார்கள்.

3

இவர் இங்கிலீஷில் கவிதை எழுதுகிறவர் என்பதைக் கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆசிரியர், குடிப்பழக்கம் இல்லை, சொந்தமாக மோட்டார் சைக்கிள் இருக்கிறது என்று மட்டும்தான் தரகர் சொன்னார்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் படித்தவர், இப்போது கற்றுக்கொடுப்பதும் இங்கிலீஷ்தான். அந்தக் காலத்துச் சீமைக் கவிதைகள் ஒரு மூட்டை மனப்பாடம். பிள்ளையாக இருந்தபோது அவற்றைப் பால்மரங்களுக்கு நடுவில் நின்று கத்துவாராம். இவருடைய அம்மா பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு, "என்னடா, யாரத் திட்டுற?" என்று கேட்பார்களாம். இவருக்குக் கோபம் வந்தால் தமிழ். செபம் தமிழ். மீன்காரனிடம் பேரம் மலாய். ஆனால் மேசை முன்னால் தாளோடு உட்கார்ந்தால் இங்கிலீஷ் ஒன்றுதான் வரும். வருவது என்னவோ உண்மைதான், ஆனால் அது தனியாக வராது. செத்துப்போன சீமைக்காரர்கள் எல்லோரும் அதோடு கூட்டமாக வந்து இறங்குவார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கிளம்ப மாட்டார்கள்.

நான் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடிக்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்த பிறகு அங்கேயே உட்கார்ந்து இவருடைய கவிதைகளையும் அடித்துக் கொடுப்பேன். லண்டனுக்கு அனுப்புவார். ஒரு தடவை ஒரு பத்திரிகையாசிரியர் இரண்டு வரி பதில் எழுதினார். 'உங்கள் ஆங்கிலம் எங்களுடையதைவிடச் சுத்தமாக இருக்கிறது, ஆனால் இதில் உங்கள் நாடு எங்கே?' அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரும் இவரோடு பேச முடியவில்லை. இங்கேயோ, நாட்டின் இலக்கியம் என்றால் தேசிய மொழியில் இருப்பதுதான் என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடங்களும் வருடத்துக்கு ஒரு வகுப்பாக மலாய்க்கு மாறிக்கொண்டிருந்தன. தமிழ்ச் சங்கத்துக்காரர்களைக் கேட்டால், "ஏன், தமிழ்ல எழுதினா கை சுளுக்கிக்குமா?" என்பார்கள். மூன்று வாசலிலும் இவருக்கு இடமில்லை.

"எனக்கு எங்கம்மா பேசுற மாதிரி ஒரு இங்கிலீஷ் வேணும்" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். "உங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதே" என்றேன். "அதான் பிரச்சின" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து ரசத்தை எடுத்து ஊற்றினேன்.

4

எழுபதுகளின் கடைசியில் கம்பிப்பாலத் தோட்டம் விலைக்கு வந்தது. அங்கே கடைசியாக இருந்த வெள்ளைக்காரத் துரை, சீமையிலிருந்த கம்பெனி சார்பில் விற்பனையை முடித்துக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்ப இருந்தார். தோட்டத்து மண்டோர் ஆறுமுகம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். தொழிலாளர்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் மேஸ்திரி அவர். இவரோடு ஒரே லயத்தில் வளர்ந்தவர், இவருக்கு ஐந்தாறு வயது மூத்தவர். முன்புபோல எழுதிக் கொடுக்கக் கிராணியும் அப்போது இல்லை.

"வாத்தியாரே, நீதான் எழுதணும். அதுல நம்ம இடுகாட்டு வெசயத்தயும் சேத்துடு. வாங்குற கம்பெனிக்காரன் செம்பனை போடப் போறான். அந்த ஒரு ஏக்கர விட்டுட்டு வித்தாருன்னா போதும். நான் தனியா கேக்கப் போனா, சொல்லி முடிக்கிறதுக்குள்ள 'பாக்கலாம், பாக்கலாம்'ங்கிறாரு. எல்லாரும் பாக்க, புதுக் கம்பெனி ஆளு முன்னாடி ஒக்காந்திருக்க, மேடைல அவரு 'சரி'ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா அப்புறம் மாத்த முடியாதுலா."

செம்பனை என்றால் பாமாயில் எடுக்கும் பனை, நிலம் முழுக்க உழுதுதான் போடுவார்கள். அவருடைய மனைவியை அந்த இடுகாட்டில் அடக்கம் செய்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

இவர் அன்று இரவே உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினார். மறுநாள் நான் அடித்தேன். அதை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: "துரை, நீங்கள் போகிறீர்கள். நாங்கள் இருக்கிறோம். எங்கள் செத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும் ஓர் ஏக்கரை விற்காதீர்கள். உங்களிடம் நாங்கள் கேட்பது இது ஒன்றுதான்." அவ்வளவுதான். கடலும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை என் மகள் பிறந்த அன்றுதான் பார்த்திருக்கிறேன். "எங்கம்மா பேசியிருந்தா இப்படித்தான் பேசியிருப்பாங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு ஆறுமுகம் அண்ணனும் தோட்டத்துக் கோயில் கமிட்டிக்காரர்கள் சிலரும் வந்தார்கள். இவர் எழுந்து நின்று வாசித்தார். அண்ணன் சுருட்டைப் பற்றவைத்து முடிப்பதற்குள் வாசிப்பும் முடிந்துவிட்டது.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுண்ணே."

"என்னா வாத்தியாரே, மளிகைச் சாமான் சீட்டு மாதிரி இருக்கு? இதுக்கா உன்னத் தேடி வந்தோம்?"

"அண்ணே, கேக்க வேண்டியத நேரா கேட்டிருக்கேன். வெள்ளைக்காரனுக்கே இதவிடத் தெளிவா சொல்ல வராது."

"தெளிவு கெடக்கட்டும்லா. எங்கப்பா காலத்துல பழைய கிராணி படிச்சாரு பாரு, பெரட்டுக்களமே மூச்சு விடாம நின்னுச்சு. யாருக்கும் ஒண்ணும் புரியல. ஆனா நம்மாளு ஒருத்தன் தொரைக்குச் சமமா நின்னு அவன் பாஷைய உருட்டுறான்னு புரிஞ்சிச்சு. எங்கப்பா வீட்டுக்கு வந்து அழுதாரு. நீ காலேஜெல்லாம் படிச்சவன். எங்களுக்கு மட்டும் ஏன் சின்ன இங்கிலீசு?"

இவர் தாளை மடித்து மேசையில் வைத்தார். பெரட்டுக்களம் என்பது விடிகாலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் இடம். அங்கே குனிந்து நின்றே பழகியவர்கள் ஒரே ஒரு நாள் நிமிர்ந்து நிற்பதற்குப் பெரிய இங்கிலீஷ் கேட்டார்கள். அதில் என்ன தப்பு சொல்வது? இவர் இத்தனை வருடமாகத் தேடிக் கண்டுபிடித்த அம்மாவின் இங்கிலீஷை, அந்த அம்மாவோடு பால் வெட்டியவர்களே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

திரும்ப எழுதினார். இந்த முறை நாட்கள் பிடித்தன. மனப்பாடம் செய்த மூட்டை அவிழ்ந்து கொட்டியது. தன் இங்கிலீஷை நேருக்கு நேர் ஓர் இங்கிலீஷ்காரன் உட்கார்ந்து கேட்கப் போகிறான் என்ற ஆசையும் சேர்ந்துகொண்டது என்று நினைக்கிறேன். ராத்திரி எழுந்து ஒரு சொல்லை மாற்றிவிட்டுப் படுப்பார். இடுகாட்டு வரி கடைசியில் இப்படி வந்து நின்றது: 'தென்றல் தாலாட்டும் தருக்களின் நிழலில் எம் மூதாதையர் துயிலும் அப்புனித மண், தங்கள் கருணை நினைவென்னும் குடையின் கீழ், எஞ்ஞான்றும் கலக்கமுறாது இளைப்பாறுவதாக.' இங்கிலீஷில் இதைவிட அழகாக இருந்தது. கமிட்டிக்காரர்களுக்கு வாசித்துக் காட்டியபோது ஆறுமுகம் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இது இங்கிலீசு" என்றார்.

5

விழா அன்று பெரட்டுக்களத்தில் பந்தல் போட்டுத் தென்னங்குருத்தில் தோரணம் கட்டியிருந்தார்கள். முன்வரிசையில் துரை. பக்கத்தில் புதுக் கம்பெனியின் ஆள், வெள்ளைச் சட்டை போட்ட ஓர் இளைஞர், அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் என் மகள் ஸ்டெல்லாவும் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும்.

இவர் வாசித்தார். எனக்கு என் புருஷனைப் பற்றிப் பெருமை பேசும் வழக்கம் கிடையாது, உங்களுக்குத் தெரியும். ஆனால் அன்று அவர் வாசித்த மாதிரி நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. கைக்குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை. இடுகாட்டு வரி வந்தபோது ஆறுமுகம் அண்ணன் துரையின் முகத்தையே பார்த்தார். எல்லோரும் பார்த்தோம். துரையின் கண் கலங்கியிருந்தது. அவர் மெல்லத் தலையை ஆட்டினார். பந்தல் முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

பிறகு துரை எழுந்து ஒலிபெருக்கி முன்னால் நின்றார். பதில் தமிழில் சொன்னார். ஆமாம், தமிழில்தான். முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் இருந்தவர், தமிழ்ப் பரீட்சை எழுதித்தான் அந்தக் காலத்தில் அவர்களுக்குச் சம்பள உயர்வே.

"இந்த மாதிரி நல்ல இங்கிலீஷ் நான் எங்க ஊர்லயும் கேக்கல. வாத்தியாரு ரொம்ப அழகா எழுதினாரு. உங்க சாமி, உங்க பெரியவங்க, எல்லாம் நல்லா தூங்கட்டும். நான் மறக்க மாட்டேன். நல்லா வேல செய்யுங்க. போயிட்டு வாரேன்."

'நல்லா தூங்கட்டும்' என்றதையே 'சரி' என்று எடுத்துக்கொண்டு எல்லோரும் கை தட்டினார்கள். துரை சட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காரில் ஏறினார். புது ஆள் துரையிடம் என்ன எழுதியிருக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டதும், "கவிதை, அருமையான கவிதை" என்று துரை சொன்னதும் காருக்குப் பக்கத்தில் நின்ற இவர் காதில் விழுந்தது. கார் கிளம்பிவிட்டது. வீட்டுக்கு வருகிற வழியில் பஸ்ஸில்தான் என்னிடம் சொன்னார். "விண்ணப்பம்னு அவருக்குத் தெரியவே இல்ல, எலிசபெத்து. வாழ்த்துன்னு நெனச்சிட்டாரு." ஊருக்குப் போன துரைக்குப் பழைய கம்பெனி விலாசத்தில் எழுதிப் பார்த்தார். பதில் வரவில்லை. அது அவர் கைக்குப் போனதோ இல்லையோ.

6

எனக்கு இன்னும் சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டைதான். நிரந்தரவாசி, குடியுரிமை இல்லை. மலாய் மொழிப் பரீட்சையில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்து வந்தாயிற்று. வாய்க்குள் கொழுக்கட்டை இருப்பதுபோல நான் பேசுவதை அந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடுத்த வருடம் வாருங்கள் அம்மா என்பார். ஸ்டெல்லாதான் எனக்கு வாத்தியார். அவள் முழுக்க மலாயில் படித்தவள். கூட்டாளிகளோடு மலாய், கனவும் மலாயில்தான் காண்கிறாளோ என்னவோ, தூக்கத்தில் பேசினால் எனக்குப் புரிவதில்லை. அவள் அப்பாவின் கவிதைகளை ஒரு தடவை எடுத்துப் பார்த்தாள். "ஒரு பக்கத்துக்கு இத்தன டிக்ஷனரி வார்த்தையாப்பா?" என்று வைத்துவிட்டாள். பெற்ற தகப்பன் எழுதியதைப் பெண் படிக்க முடியாத வீடு எங்கள் வீடு. அதைப் பற்றி அவரிடம் நான் பேசுவதில்லை.

துரை போய் இரண்டு மழைக்காலம் ஆன பிறகு இடுகாட்டில் முளைக்குச்சி அடித்துவிட்டார்கள். சிலுவைக்கும் வேலுக்கும் நடுவில் சிவப்புத் துணி கட்டிய குச்சிகள். ஆறுமுகம் அண்ணன் ஓடி வந்தார். நில அலுவலகத்துக்கு மனுக் கொடுக்க வேண்டும், மலாயில் ஒரு சூராட், அதாவது கடிதம், எழுதிக் கொடுக்க வேண்டும். இவர் உட்கார்ந்து எழுதிப் பார்த்தார். ஈப்போ முழுக்க இங்கிலீஷுக்குப் பேர் வாங்கிய மனிதர், இரண்டு வரிக்கு மேல் நகர முடியாமல் தாளைக் கசக்கினார். "சூராட்தானே, குடுங்கப்பா, நான் எழுதுறேன்லா" என்று ஸ்டெல்லா வாங்கிக்கொண்டாள். வீட்டுப்பாடம் எழுதும் நேரத்தில் அதையும் எழுதினாள். எனக்குத் தெரிந்த மலாய்க்கே அது புரிந்தது. 'எங்கள் இறந்தவர்கள் இந்த நிலத்தில் இருக்கிறார்கள். என் தாத்தாவும் இருக்கிறார். தயவுசெய்து இங்கே உழ வேண்டாம். இந்த ஓர் ஏக்கர் மட்டும் எங்களுக்கு வேண்டும்.' இவர் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நில அலுவலகத்துக்கு நாங்கள் நால்வரும் போனோம். அங்கே இருந்த அதிகாரி நடுவயது மலாய்க்காரர், நல்ல மனிதர். ஆறுமுகம் அண்ணனுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். மனுவைப் படித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. எழுதியது யார் என்று கேட்டு, ஸ்டெல்லாவைப் பார்த்து நன்றாக எழுதியிருக்கிறாய் என்றார். பிறகு பழைய பதிவேட்டை எடுத்து வரச் சொல்லிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். எங்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அண்ணன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

அதிகாரி பதிவேட்டை மூடினார். நிலம் முழுக்கக் கம்பெனி பேரில் பதிவாகிவிட்டது, இனி அரசாங்கம் கை வைக்க முடியாது, இறந்தவர்களைத் தோண்டி எடுத்து வேறு இடத்தில் வைக்க அவகாசம் வேண்டுமானால் கம்பெனியிடம் தானே பேசி வாங்கித் தருவதாகச் சொன்னார். ஸ்டெல்லா அதைத் தமிழில் சொன்னாள். தோண்டி எடுப்பது என்ற இடத்தில் அவளுக்குத் தமிழ்ச் சொல் கிடைக்காமல் கையால் காட்டினாள். ஆறுமுகம் அண்ணன் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

அதிகாரிக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து போகிற எங்களைப் பார்த்து மலாயில் இவரிடம் கேட்டார். "விற்பதற்கு முன்னால் அந்தத் துரையிடம் இந்த நாலு வரியைச் சொல்லியிருந்தால் போதுமே, ஐயா. ஓர் ஏக்கரைப் பிரித்துப் பதிவது பெரிய வேலையே இல்லை. ஏன் நீங்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை?"

இவர் கதவுப் பிடியில் வைத்த கையை எடுக்காமல், தனக்குத் தெரிந்த உடைந்த மலாயில் பதில் சொன்னார்.

"சொன்னோம். ரொம்ப அழகாகச் சொன்னோம்."